அத்தியாயம் 4: ஊர் ஏரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல் என்று பல பெயர்களில் சுமார் 40 ஆயிரம் பாசன நீர்நிலைகள் இருக்கின்றன. அவற்றில் பறவைகள் சரணாலயம் என்று பலகை நட்டிருப்பவை மிகச் சில. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் பறவைகள்கூட இரை தேடிப் போவது சுற்றுவட்டாரத்தில் உள்ள பலகை இல்லாத ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான். அந்த ஏரிகளில் எந்தப் பறவை எவ்வளவு வந்தது, எது வருவதை நிறுத்திக்கொண்டது என்று கேட்டால் பதில் சொல்லத் தாள் இல்லை.

அந்தத் தாளை நீங்களே எழுதலாம். விலங்கியல் பட்டம் வேண்டியதில்லை. மாதம் ஒரு காலை, ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு போதும். முறை மட்டும் பிசகக் கூடாது. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே விதம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம். அபூர்வப் பறவையைத் தேடி ஊர் ஊராக அலைவதைவிட, ஒரே ஏரியில் வரும் சாதாரணப் பறவைகளை விடாமல் எண்ணுவது பாதுகாப்புக்கு அதிகம் உதவும்.

எந்த ஏரி, எந்தக் காலம், எந்த நேரம்

வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய ஏரியைத் தேர்ந்தெடுங்கள். தூரத்து ஏரி அழகாக இருக்கலாம். மூன்றாவது மாதம் போக மாட்டீர்கள். முதல் ஏரி சிறியதாக, கரையில் நின்றால் நீர்ப்பரப்பின் பெரும்பகுதி தெரிவதாக இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறையும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் தங்கும். தொடங்க நல்ல மாதம் நவம்பர். ஆனால் வாத்துகள் வரும் மாதங்களில் மட்டும் போய்விட்டு நிறுத்திவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நீர் வற்றி மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கும்போது நாரைகளும் கூழைக்கடாக்களும் திரண்டு வந்து இறங்கும். ஏரி முழுக்கக் காய்ந்த மாதத்திலும் போய் ‘நீர் இல்லை, நீர்ப்பறவை 0’ என்று எழுதிவிட்டு வாருங்கள். அந்தப் பூஜ்யமும் ஒரு தகவல்.

சூரியன் உதித்த அரைமணி நேரத்தில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் நீர்ப்பரப்பின் மேல் கானல் அலையும். தூரத்து வாத்தின் நிறம் தெரியாது.

குறிப்பு: வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். தமிழ்நாட்டு நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், பல ஏரிகளின் கரை கிழக்குப் பக்கமும் நீர்ப்பரப்பு அதற்கு மேற்கிலும் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெளிச்சம் பறவை மேல் நேராக விழும். அதே கரையில் மாலையில் நின்றால் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும்.

தேவையான பொருட்கள்

1. பைனாகுலர். 8×42 அளவு போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.
2. கெட்டி அட்டை போட்ட நோட்டு, பென்சில். பேனா மை பனியில் ஊறும்.
3. விரலில் மாட்டும் கவுண்டர். ஜபம் எண்ணுவதற்காகப் பூஜைப் பொருள் கடைகளில் விற்கும் அதே பொருள்தான்.
4. படங்களுடன் ஒரு கையேடு. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ தமிழில் தொடங்குவோருக்கு ஏற்றது.
5. தொப்பி, தண்ணீர், கணுக்காலை மூடும் காலணி. உடை மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம்.
6. கைபேசி. நேரம், இருப்பிடம், அவசர அழைப்பு ஆகிய மூன்றுக்கும்.

தூரத்தைப் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் பெரிய ஏரிக்கு நல்லது, விலை அதிகம். முதல் வருடம் அது இல்லாமலே செய்யுங்கள்.

முதல் வேலை: ஏரியைப் பழகுதல்

எண்ணத் தொடங்கும் முன் ஏரியை ஒரு முறை சும்மா சுற்றி வாருங்கள்.

1. கைபேசி வரைபடத்தைப் பார்த்து ஏரியின் உருவத்தைத் தாளில் வரையுங்கள். கரை, மதகுகள், கலிங்கு, வரத்துக் கால்வாய், நடுவில் இருக்கும் திட்டு, நாட்டுக்கருவேல மரங்கள், சம்பும் கோரையும் மண்டிய இடம், சேறு தட்டும் ஓரம் எல்லாவற்றையும் குறியுங்கள்.
2. நின்று பார்க்கும் இடங்களை முடிவு செய்யுங்கள். ஓர் இடத்திலிருந்து பார்க்கும் பரப்பும் அடுத்த இடத்திலிருந்து பார்க்கும் பரப்பும் ஒட்ட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.
3. பரப்புகளின் எல்லைக்கு நிலையான அடையாளம் வையுங்கள்: ஒற்றைப் பனை, மின்கம்பம், மதகின் தூண். ‘அந்தப் புதர்’ என்று வைத்தால் அடுத்த மாதம் அந்தப் புதர் இருக்காது.
4. ஒவ்வோர் இடத்துக்கும் எண் கொடுங்கள். 1-இல் தொடங்கி எப்போதும் அதே வரிசையில் நடக்க வேண்டும்.
5. ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக, ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மீன் குத்தகை எடுத்தவர் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.
6. ஊராட்சித் தலைவர், குத்தகைதாரர், கரையில் மாடு மேய்ப்பவர் ஆகியோரிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பைனாகுலரோடு விடியற்காலையில் ஓர் அந்நியர் நின்றால் சந்தேகம் வரும். “அண்ணே, மாசம் ஒருநாள் வந்து பறவை எண்ணப் போறேன், தண்ணிப் பக்கம் இறங்க மாட்டேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களே உங்களுக்குத் துணை.

சரணாலயமோ காப்புக்காடோ என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கணக்கெடுக்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிடுவது எங்குமே வேண்டாம்.

முதலில் 20 பறவைகள்

எல்லாப் பறவைகளையும் கற்ற பிறகுதான் எண்ண வேண்டும் என்றால் தொடங்கவே முடியாது. உங்கள் ஏரியில் அடிக்கடி தென்படும் 20 பறவைகளைப் பிழையில்லாமல் அடையாளம் காணப் பழகுங்கள். புதியவர்கள் குழம்பும் ஜோடிகள் இவை:

நாமக்கோழி, தாழைக்கோழி. இரண்டும் கருத்த உடல். நாமக்கோழிக்கு மூக்கும் நெற்றியும் வெள்ளை. திறந்த நீரில் கூட்டமாக மிதக்கும். தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பு, மூக்கு நுனி மஞ்சள், விலாவில் வெள்ளைக் கோடு. புல் ஓரத்தை விட்டு அதிகம் விலகாது.

நீர்க்காகம், பாம்புத்தாரா. பாம்புத்தாராவின் மூக்கு ஈட்டிபோல் நேராகக் கூர்ந்திருக்கும். உடல் நீருக்குள் அமிழ்ந்து கழுத்து மட்டும் வெளியே நிற்கும். நீர்க்காகத்தின் மூக்கு நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும்.

வெள்ளைக் கொக்குகள். இதில்தான் அதிகம் தவறுவார்கள். மூக்கு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. மூக்கு குட்டையாக மஞ்சளாக இருந்து, மாட்டின் அருகே புல்லில் நின்றால் உண்ணிக்கொக்கு. உயரமாக, கழுத்தில் மடிப்போடு நிற்பது பெரிய கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும். மூக்கின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் அது கருத்துவிடும்.

நாரைகள். மஞ்சள்மூக்கு நாரைக்கு மூக்கு மஞ்சள், முகம் ஆரஞ்சு, இறக்கையின் பின்பக்கம் இளஞ்சிவப்பு. நத்தைகுத்தி நாரைக்கு மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இடைவெளி தெரியும்.

வாத்துகள். தட்டைவாயனின் அகலமான மூக்கைத் தவறவிட முடியாது. ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம், மெல்லியது. நீலச்சிறகு கிளுவையின் ஆணுக்குக் கண்ணின் மேல் அகலமான வெள்ளைப் புருவம். புள்ளிமூக்கு வாத்தில் ஆண், பெண் இரண்டுக்கும் கருத்த மூக்கின் நுனி மஞ்சள். வலசை வாத்துகளின் ஆண்கள்கூட அக்டோபரில் பெண்ணைப் போலவே மங்கலாக இருக்கும். டிசம்பரில்தான் நிறம் தெளியும். ஆகவே முதல் இரண்டு மாதம் வாத்து விஷயத்தில் அவசரப்படாதீர்கள்.

சின்ன உள்ளான்களைப் பிரித்து அறிய வருடங்கள் ஆகும். தெரியாதவற்றை ‘அடையாளம் தெரியாத உள்ளான்: 46’ என்று எழுதுங்கள். அதுதான் நேர்மையான பதிவு. ஊகித்து எழுதிய பெயரைப் பின்னால் யாராலும் திருத்த முடியாது.

குறிப்பு: ஊர்ப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் குருட்டுக்கொக்கு என்று இருப்பதை உங்கள் ஊரில் மடையான் என்பார்கள். ஊராரிடம் பேசும்போது அந்தப் பெயர்தான் உதவும்.

கணக்கெடுக்கும் நாள்: படிப்படியாக

1. முதல் இடத்துக்கு 20 அடி முன்பே நின்றுவிடுங்கள். ஓரத்தில் இருக்கும் பறவைகளைக் கலைக்காமல் மெல்ல நகர்ந்து இடத்துக்கு வாருங்கள்.
2. தேதி, தொடங்கிய நேரம், வானிலை, நீரளவு ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பறவையைப் பார்த்த பிறகு இவை மறந்துபோகும்.
3. வெறும் கண்ணால் பரப்பு முழுவதையும் ஒரு நிமிடம் பாருங்கள். பருந்து வட்டமிடுகிறதா, வலை வீசுகிறார்களா, கூட்டம் எங்கே இருக்கிறது என்பது இதில் தெரியும்.
4. பறந்துவிடக்கூடிய பெரிய கூட்டத்தை முதலில் எண்ணுங்கள். மரத்தில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகம் காத்திருக்கும், வாத்துக்கூட்டம் காத்திருக்காது.
5. பிறகு பைனாகுலரை இடமிருந்து வலமாக, சீராக நகர்த்தி ஒவ்வொரு வகையாக எண்ணுங்கள். இரண்டாவது முறை வலமிருந்து இடமாக. இரண்டு எண்ணிக்கைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மூன்றாம் முறையும் எண்ணுங்கள்.
6. செடி மறைவுகளுக்குத் தனியாக ஐந்து நிமிடம் கொடுங்கள். தாழைக்கோழியும் இலைக்கோழியும் மெல்ல வெளியே வரும்.
7. எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். பின்பக்கமிருந்து முன்னால் பறந்து போகும் கூட்டத்தைக் கவனியுங்கள். அடுத்த இடத்தில் அதே கூட்டம் இறங்கியிருந்தால் மறுபடி சேர்க்காதீர்கள்.
8. முடித்த நேரத்தையும் நடந்த தூரத்தையும் எழுதுங்கள். கரையில் நின்றபடியே கூட்டிச் சரிபாருங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.

இருவராகப் போனால் ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதலாம். வேலை பாதியாகும், தவறும் குறையும்.

பெருங்கூட்டத்தை எண்ணும் வித்தை

ஐம்பது பறவை வரை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேல் போனால் கட்டம் கட்டி எண்ண வேண்டும்.

1. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவையைச் சரியாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள்.
2. அதே அளவை அடுத்தடுத்து வைத்து 10, 20, 30 என்று நகருங்கள். ஒவ்வொரு பத்துக்கும் கவுண்டரை ஒருமுறை அழுத்துங்கள்.
3. ஆயிரக்கணக்கில் இருந்தால் பத்துப் பத்துகளைச் சேர்த்து நூறின் அளவைப் பிடித்து, நூறு நூறாக நகருங்கள்.
4. கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கமாக இருக்காது. நடுவில் நெருங்கி ஓரத்தில் சிதறியிருந்தால், இரண்டு இடத்துக்கும் தனித்தனி அளவு பிடியுங்கள்.

பல வகை வாத்துகள் கலந்த கூட்டம் என்றால் முதலில் மொத்தம் எடுங்கள். 600 என்று வைத்துக்கொள்வோம். பிறகு கூட்டத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து 100 பறவையை வகை பார்த்து எண்ணுங்கள். ஊசிவால் வாத்து 55, நீலச்சிறகு கிளுவை 35, தட்டைவாயன் 10 என்று வந்தால், மொத்தத்தில் அவை 330, 210, 60 ஆகும். இது மதிப்பீடு என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

பறந்து போகும் கூட்டத்துக்கு ஒரு மின்கம்பத்தைக் கோடாக வைத்து, அதைக் கடக்கும் பறவைகளை மட்டும் எண்ணுங்கள். மாலையில் அடையும் கொக்குகளையும் அரிவாள்மூக்கன்களையும் இப்படி எண்ணலாம். ஆனால் அதைத் தனித் தாளில் எழுதுங்கள், காலைக் கணக்கோடு கூட்டாதீர்கள்.

வீட்டுப் பயிற்சி: ஒருவரை ஒரு தட்டில் கைப்பிடி துவரம்பருப்பைச் சிதறச் சொல்லுங்கள். பத்து விநாடி பார்த்து எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, பிறகு எண்ணிச் சரிபாருங்கள். தொடக்கத்தில் பெரும்பாலோர் குறைத்தே சொல்வார்கள். பழகப் பழக வித்தியாசம் சுருங்கும்.

பதிவுத் தாளில் இருக்க வேண்டியவை

1. ஏரியின் பெயர், ஊர், வட்டம், இருப்பிடக் குறியீடு.
2. தேதி, தொடக்க நேரம், முடிவு நேரம், எண்ணியவர்கள் எத்தனை பேர்.
3. நீரளவு: நிறைந்தது, முக்கால், பாதி, கால், வற்றியது. மதகில் அளவுக்கல் இருந்தால் அந்த எண்.
4. பறவைப் பெயர், இடம் 1, 2, 3 வாரியாக எண்ணிக்கை, மொத்தம்.
5. ஒவ்வோர் எண்ணும் நேராக எண்ணியதா, மதிப்பீடா.
6. கூடுகள் இருந்தால் எந்த மரத்தில், எந்தப் பறவை, எத்தனை.
7. ஏரியின் நிலை: மீன்பிடிப்பு, மண் எடுப்பு, குப்பை, ஆகாயத்தாமரை, மரம் வெட்டு, கழிவுநீர், வேட்டைக் கண்ணி.

ஏழாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பறவை ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த வரியில்தான் கிடைக்கும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

‘நிறைய’, ‘ஏராளம்’ என்று எழுதுவது. போன வருட ‘நிறைய’வும் இந்த வருட ‘நிறைய’வும் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. தோராயமாக இருந்தாலும் எண் எழுதுங்கள்.

அரிய பறவையின் பின்னால் போய்விடுவது. ஒரு வரித்தலை வாத்தைப் படம் பிடிக்க அரைமணி நேரம் செலவழித்தால், அதற்குள் முந்நூறு நாமக்கோழி கலைந்துவிடும். முதலில் கணக்கு, பிறகு கேமரா.

காகம், மைனா, மீன்கொத்தியை விட்டுவிடுவது. நீர்ப்பறவை மட்டும் எண்ணுவது உங்கள் திட்டமானால் தாளின் தலைப்பிலேயே அப்படி எழுதிவிடுங்கள். பாதி நாள் சேர்த்து, பாதி நாள் விட்டால் கணக்கு கெடும்.

முறையை மாற்றுவது. இந்த மாதம் தனியாக, அடுத்த மாதம் பத்துப் பேர், அதற்கடுத்த மாதம் மாலையில் என்று போனால், எண் கூடியது பறவையாலா முறையாலா என்று தெரியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் எந்தத் தேதியிலிருந்து மாற்றினீர்கள் என்று குறியுங்கள்.

பழைய எண்ணைப் பார்த்துவிட்டுப் போவது. போன மாதம் 400 என்று மனதில் இருந்தால் இந்த மாதமும் கண் 400-ஐத் தேடும். பழைய தாளை வீட்டிலேயே வையுங்கள்.

பறவைக்குத் தொல்லை தராமல்

கழுத்தை நீட்டி எல்லாப் பறவையும் உங்களையே பார்க்கத் தொடங்கினால், அதுதான் எச்சரிக்கை. அங்கேயே நில்லுங்கள். எண்ணுவதற்காகக் கல் எறிந்தோ கை தட்டியோ கூட்டத்தை எழுப்பாதீர்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் இழப்பு.

கூடு கட்டிய மரங்களை நெருங்க வேண்டாம். தாய்ப் பறவை எழுந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும். காகம் தூக்கிக்கொண்டு போகும். கரையில் நின்றே கூடுகளை எண்ணுங்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். அரிய பறவை கூடு வைத்த இடத்தைச் சமூக ஊடகத்தில் பகிராதீர்கள்.

கால் வளையமோ கழுத்துப்பட்டையோ தெரிந்தால் அதன் நிறம், எழுத்து, எண், எந்தக் கால் என்பதைக் குறித்து, முடிந்தால் படம் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் இப்படித்தான் கண்டறியப்பட்டிருக்கின்றன.

உங்கள் பாதுகாப்பு

1. தனியாகப் போகாதீர்கள். முடியாவிட்டால் எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.
2. நீரில் இறங்காதீர்கள். மண் அள்ளிய ஏரிகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் முழுகும் பள்ளம் இருக்கும். நீர் நிறைந்த பிறகு வெளியே தெரியாது. காய்ந்ததுபோல் வெடித்திருக்கும் சேற்றின் அடியிலும் ஈரச் சகதி இருக்கும்.
3. பைனாகுலரில் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். நின்றால் பாருங்கள், நடந்தால் தரையைப் பாருங்கள். பைனாகுலரைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள்.
4. கரைப் புல்லிலும் கல் இடுக்கிலும் கண்ணாடி விரியன், நாகம் இருக்கலாம். கடித்துவிட்டால் கடிபட்டவரை அசையாமல் உட்கார வைத்து, மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றி, 108-ஐ அழையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுபோவதே சிகிச்சை.
5. இறந்த, நோயுற்ற பறவையைத் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தூரத்திலிருந்து படம் எடுத்து, கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள்.
6. காலில் புண் இருந்தால் தேங்கிய நீரும் சேறும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவும்.
7. இடி கேட்டால் கணக்கை நிறுத்திவிடுங்கள். வெட்டவெளிக் கரையில் நிற்காதீர்கள், ஒற்றைப் பனையடியில் ஒதுங்காதீர்கள்.
8. வேட்டைக்காரரையோ மணல் லாரியையோ கண்டால் நேரில் வாக்குவாதம் வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, விலகி வந்த பிறகு வனத்துறைக்கோ காவல்துறைக்கோ தெரிவியுங்கள்.

கணக்கை எங்கே சேர்ப்பது

நோட்டில் மட்டும் இருந்தால் கணக்கு உங்களோடு முடிந்துவிடும். மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இ-பேர்ட். கைபேசிச் செயலியில் இலவசமாகப் பதியலாம். ஒரு பட்டியல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளாமல் இருப்பது நல்லது. கடைசியில், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிவு செய்தீர்களா என்று அது கேட்கும். நீர்ப்பறவை மட்டும் எழுதியிருந்தால் ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணுக்குப் பதில் எக்ஸ் போடும் வசதி உண்டு, அதைத் தவிருங்கள். இப்படிச் சுமார் 30 ஆயிரம் பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்துத்தான் ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்து, 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. வலசை வரும் உள்ளான்களும் வாத்துகளும் வெகுவாகக் குறைந்திருப்பதும் அதில்தான் தெரிந்தது.

இரண்டாவது, ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 1987-இல் தொடங்கியது, ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. உங்கள் மாதக் கணக்கின் ஜனவரி நாளை இதோடு பொருந்தும்படி வைத்துக்கொள்ளுங்கள். ராம்சர் உடன்படிக்கையின்படி, ஒரு நீர்நிலை 20,000 நீர்ப்பறவைகளைத் தொடர்ந்து தாங்கினாலோ, ஒரு பறவை வகையின் தொகையில் 1 சதவீதத்தைத் தொடர்ந்து தாங்கினாலோ உலக முக்கியத்துவம் பெறத் தகுதி உண்டு. எண் இல்லாமல் இந்தத் தகுதியைக் கேட்க முடியாது.

மூன்றாவது, 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பொங்கல் விடுமுறையில் நடப்பதால் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள இதைவிட நல்ல தருணம் இல்லை.

கணக்கு ஊருக்குப் பயன்பட

1. வருட முடிவில் ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதுங்கள்: மொத்த வகைகள், அதிகம் வந்த ஐந்து பறவைகள், கூடு வைத்தவை, கண்ட ஆபத்துகள்.
2. அதை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி இந்தக் குழுதான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். உங்கள் பட்டியல் அதில் ஏற வேண்டும்.
3. கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூட்டம் உண்டு. ‘பறவையைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘தூர்வாரும்போது நடுத்திட்டையும் அதிலுள்ள நாட்டுக்கருவேல மரங்களையும் விட்டுவிட வேண்டும், கூடு இருக்கும் மாதங்களில் மரம் ஏலம் விடக் கூடாது’ என்று நிறைவேற்றக்கூடிய கோரிக்கையாகக் கேளுங்கள். எந்த மரத்தில் எத்தனை கூடு என்ற தாள் கையில் இருக்கட்டும்.
4. விவசாயியின் லாபத்தையும் சொல்லுங்கள். வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தது இரக்கத்தால் மட்டும் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று கண்டார்கள். வேட்டையைத் தடுக்க 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அன்றைய கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கினார்கள்.

புறப்படும் முன் சரிபார்க்க

நோட்டு, பென்சில், கவுண்டர், பைனாகுலர், தண்ணீர், தொப்பி, காலணி, சார்ஜ் உள்ள கைபேசி, துணைக்கு ஓர் ஆள், வீட்டில் சொல்லியாயிற்று. பழைய தாளை எடுத்து வரவில்லை.

ஒரு மாதக் கணக்கு பெரிதாக எதையும் சொல்லாது. ஒரு வருடக் கணக்கு உங்கள் ஏரியின் பருவங்களைச் சொல்லும். ஐந்து வருடம் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் எழுதிய தாள் இருந்தால், ஏரியில் என்ன குறைந்தது என்ற கேள்விக்கு அதிகாரியிடமும் ஊராரிடமும் எண்ணோடு பதில் சொல்லலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை போய் வரைபடத்தை வரைந்துவிடுங்கள்; அதற்கடுத்த ஞாயிறு முதல் கணக்கு.